டர்ஹாம்: புகையிலை ஊர் சரிந்ததும் எழுந்ததும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அமெரிக்கத் தெற்கில், வட கரோலினா மாநிலத்தில் இருக்கிறது டர்ஹாம். டியூக் பல்கலைக்கழகத்தில் படிக்க வருகிறவர்கள், பக்கத்தில் ஆய்வு நிறுவனங்கள் கூடியிருக்கும் ரிசர்ச் ட்ரையாங்கிள் பார்க்கில் வேலை கிடைத்து வருகிறவர்கள், பிள்ளைகளோடு சில மாதம் தங்கிப் போக ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாக்கள் என்று பலரும் கேட்கிற கேள்விகள் இவை. டியூக்கின் தேவாலயக் கோபுரத்தைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பினால் இந்த ஊரைப் பார்த்ததாக ஆகாது என்பது என் எண்ணம். அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

டர்ஹாம் எவ்வளவு பெரிய ஊர்?

நடுத்தர ஊர். 2020 மக்கள்தொகைக் கணக்கில் 2,83,506 பேர். 1990ல் இதில் பாதிகூட இல்லை. தலைநகர் ராலே காரில் அரை மணி நேரம். சாப்பல் ஹில் இன்னும் பக்கம். இந்த மூன்று ஊரையும் சேர்த்துத்தான் 'ட்ரையாங்கிள்' என்கிறார்கள்.

பல்கலைக்கழக ஊர் என்றதும் எல்லோரும் டியூக்கை மட்டும் சொல்வார்கள். இங்கே இரண்டு பல்கலைக்கழகங்கள் உண்டு. இன்னொன்று கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட வட கரோலினா மத்தியப் பல்கலைக்கழகம். டர்ஹாமின் கதையில் இரண்டுக்கும் பங்கு உண்டு.

ஊருக்குப் புகையிலை எப்படி வந்தது?

1849 வாக்கில் ரயில் பாதை போட்டபோது பார்ட்லெட் டர்ஹாம் என்ற மருத்துவர் நிலையத்துக்கு நிலம் கொடுத்தார். ஊருக்கு அவர் பெயரே நின்றது. அதற்குப் பத்து வருடம் முன்பு, வடக்கே கேஸ்வெல் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி), ஸ்டீபன் என்ற அடிமை ஒருவர் இலையை உலர்த்தும் கொட்டகையில் கரியைப் போட்டுச் சூட்டைக் கூட்டினார். இலை பொன்மஞ்சளாக மாறியது. 'பிரைட் லீஃப்' என்று பெயர் பெற்ற அந்த மென்மையான இலையை நம்பித்தான் பிறகு இந்த வட்டாரமே பிழைத்தது.

1865 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் முடியும் நேரம். டர்ஹாமுக்கு வெளியே பென்னட் என்ற விவசாயியின் வீட்டில் தென்னகத் தளபதி ஜான்ஸ்டனும் வடக்கின் தளபதி ஷெர்மனும் உட்கார்ந்து சரணடைவுக்கான பேச்சை முடித்தார்கள். சுமார் 90,000 படையினரை உள்ளடக்கிய சரணடைவு அது. அந்தப் போரிலேயே பெரியது. பேச்சு நடந்த நாட்களில் இரு தரப்புச் சிப்பாய்களும் ஊரில் சும்மா திரிந்தார்கள். ஜான் கிரீன் என்பவரின் புகையிலைக் கிடங்கை மொத்தமாகச் சூறையாடிவிட்டார்கள். அவர் நொடித்துப் போயிருக்க வேண்டும். ஆனால் வீடு திரும்பிய சிப்பாய்கள், அந்த டர்ஹாம் புகையிலை இன்னும் கிடைக்குமா என்று கடிதம் போட ஆரம்பித்தார்கள். கிரீன் ஒரு காளையின் படத்தைச் சின்னமாக வைத்து விற்றார். 'புல் டர்ஹாம்' உலகம் முழுக்கப் போனது. ஊருக்கு இன்றும் 'புல் சிட்டி' என்றுதான் செல்லப்பெயர்.

அதே போரிலிருந்து கையில் காசில்லாமல் திரும்பிய வாஷிங்டன் டியூக், பிள்ளைகளோடு சேர்ந்து இலையை இடித்துப் பொட்டலம் கட்டி வண்டியில் விற்றுத் தொழிலைத் தொடங்கினார். அவருடைய மகன் ஜேம்ஸ் புக்கானன் டியூக்தான் அசல் வியாபாரி. 1884ல் போன்சாக் என்ற சிகரெட் சுற்றும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். கையால் சுற்றுகிறவர் நாளுக்கு இரண்டு மூவாயிரம் சிகரெட் சுற்றினால் அதிகம். அந்த இயந்திரம் பத்து மணி நேரத்தில் 1,20,000 சுற்றியது. 1890ல் போட்டிக்காரர்களைச் சேர்த்து 'அமெரிக்கன் டொபாக்கோ' என்ற பெரும் நிறுவனத்தை உண்டாக்கினார். அது ஏகபோகம் என்று 1911ல் உச்ச நீதிமன்றம் உடைத்தது. டர்ஹாமில் காளைச் சின்னத் தொழிற்சாலை அமெரிக்கன் டொபாக்கோவிடம் நின்றது; டியூக்கின் பழைய தொழிற்சாலை லிகெட் அண்ட் மையர்ஸ் கைக்குப் போனது. லக்கி ஸ்டிரைக் சிகரெட் ஒரு பக்கம், செஸ்டர்ஃபீல்டு சிகரெட் மறுபக்கம். அடுத்த எழுபத்தைந்து வருடத்துக்கு ஊரின் சோறு இதுதான்.

பல்கலைக்கழகமும் புகையிலைப் பணம்தானா?

ஆமாம். டிரினிட்டி என்ற சிறிய மெதடிஸ்ட் கல்லூரி கிராமத்தில் இருந்தது. வாஷிங்டன் டியூக் பணமும் ஜூலியன் கார் என்ற தொழிலதிபர் நிலமும் தர, 1892ல் டர்ஹாமுக்கு வந்தது. பெண்களையும் ஆண்களுக்குச் சமமாகச் சேர்த்தால் ஒரு லட்சம் டாலர் தருகிறேன் என்று 1896ல் வாஷிங்டன் டியூக் நிபந்தனை போட்டார். அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம். 1924 டிசம்பரில் ஜேம்ஸ் புக்கானன் டியூக் நான்கு கோடி டாலரில் ஓர் அறக்கட்டளையை அமைத்தார். கல்லூரி டியூக் பல்கலைக்கழகம் ஆனது. 1930ல் மருத்துவமனை திறந்தது. அப்பாவின் பெயரும் பணமும் நின்றன. ஆனால் கறுப்பின இளநிலை மாணவர்களுக்கு அங்கே கதவு திறக்க 1963 வரை ஆனது.

ரயில் பாதைக்கு மறுபுறம், ஜேம்ஸ் ஷெப்பர்டு என்ற கறுப்பினக் கல்வியாளர் 1910ல் ஒரு பள்ளியைத் திறந்தார். 1925ல் அது மாநில அரசின் பணத்தில் நடக்கும் கலைக் கல்லூரியாக மாறியது. கறுப்பினத்தவருக்காக ஒரு மாநில அரசு நடத்திய முதல் கலைக் கல்லூரி அமெரிக்காவிலேயே அதுதான். இன்றைய வட கரோலினா மத்தியப் பல்கலைக்கழகம் அதிலிருந்து வளர்ந்தது.

'கறுப்பின வால் ஸ்ட்ரீட்' என்று ஒரு தெருவைச் சொல்கிறார்களே?

நகர நடுவில் உள்ள பாரிஷ் தெரு. ஜான் மெரிக் அடிமையாகப் பிறந்தவர், முடிதிருத்தும் கடைகள் நடத்தியவர். வாஷிங்டன் டியூக் அவரிடம் முடி வெட்டிக்கொண்டவர். ஆரன் மூர் இந்த ஊரின் முதல் கறுப்பின மருத்துவர். இவர்களும் இன்னும் சிலரும் 1898ல் நார்த் கரோலினா மியூச்சுவல் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வீடு வீடாகப் போய்ச் சில்லறை சில்லறையாகச் சந்தா வாங்கினார்கள். சி.சி. ஸ்பால்டிங் தலைமையில் அது நாட்டிலேயே பெரிய கறுப்பின நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. 1908ல் அதே தெருவில் மெக்கானிக்ஸ் அண்ட் ஃபார்மர்ஸ் வங்கி கதவு திறந்தது. வெள்ளையர் வங்கி கடன் தராத குடும்பங்கள் இங்கே வாங்கி வீடு கட்டின. அந்தக் காலத்தின் பெரிய கறுப்பினத் தலைவர்களான புக்கர் வாஷிங்டன், டு பாய்ஸ் ஆகிய இருவருக்கும் ஒருவர் கருத்து மற்றவருக்குப் பிடிக்காது. அவர்கள் இருவருமே வந்து பார்த்து மெச்சி எழுதிய ஊர் இது.

நிர்வாகம் பாரிஷ் தெருவில் நடந்தது. குடும்பம், கடை, கோயில், பாட்டு எல்லாம் தெற்கே ஹேடையில்.

ஹேடை என்பது என்ன? இப்போது வரைபடத்தில் தேடினால் ஏன் சரியாகத் தென்படுவதில்லை?

ஊரே சேர்ந்து இடித்தது, அதனால்தான்.

போர் முடிந்து விடுதலை பெற்றவர்கள் புகையிலைத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்து குடியேறிய பகுதி ஹேடை. இலையின் நடு நரம்பைக் கிழித்தெடுக்கும் தூசி பிடித்த வேலை கறுப்பினப் பெண்களுக்கு. சுத்தமான இயந்திர வேலை வெள்ளையருக்கு. தொழிற்சாலைக்குள்ளே இப்படிப் பிரிவு இருந்தது. வெளியே வந்தால் ஹேடையில் சொந்த மருத்துவமனை, நூலகம், சினிமாக் கொட்டகை, மருந்துக் கடை, தையற்கடை, ஓட்டல் எல்லாம் இருந்தன. 1930களில் பிளைண்ட் பாய் ஃபுல்லரும் ரெவரண்ட் கேரி டேவிஸும் புகையிலைக் கிடங்குகளுக்கு வெளியே கிட்டார் வாசித்துக் காசு வாங்கியதும் இந்த ஊரில்தான். சம்பள நாளில் கூட்டம் கூடும்.

1950களின் கடைசியில் 'நகரப் புதுப்பிப்பு' என்ற மத்திய அரசுத் திட்டம் வந்தது. பழுதான வீடுகளை இடித்துப் புது வீடுகளும் கடைகளும் தருவோம் என்றார்கள். ஹேடையில் மோசமான வாடகை வீடுகள் இருந்தது உண்மை. கறுப்பினத் தலைவர்கள் பலரும் அந்த வாக்குறுதியை நம்பி ஆதரித்தார்கள். 1960களில் இடிப்பு ஆரம்பித்தது. 147 என்ற விரைவுச் சாலை ஹேடையின் குறுக்கே போனது. சுமார் 4,000 குடும்பங்களும் 500 கடைகளும் போயின. கடைக்காரர்களில் சிலருக்குத் தற்காலிகம் என்று சொல்லித் தகரக் கொட்டகை வரிசை ஒன்றைக் கொடுத்தார்கள். மக்கள் அதற்கு 'டின் சிட்டி' என்று பெயர் வைத்தார்கள். வாக்குக் கொடுத்த புதிய ஹேடை கட்டப்படவே இல்லை.

நான் யாரை அழைத்துப் போனாலும் ஃபயட்வில் தெருவில் உள்ள பழைய செயின்ட் ஜோசஃப் தேவாலயத்துக்குக் கூட்டிப் போவேன். 1891ல் செங்கல்லில் கட்டியது. இடிப்புக்குத் தப்பிய மிகச் சில கட்டடங்களில் ஒன்று. இப்போது ஹேடை பாரம்பரிய மையமாக இசையும் நாடகமும் நடக்கிறது. உள்ளே வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை நிதானமாகப் பாருங்கள். ஒன்றில் தாடியோடு வாஷிங்டன் டியூக் இருக்கிறார். கறுப்பினத்தவர் தேவாலயத்தில், நன்கொடை கொடுத்த வெள்ளை முதலாளியின் முகம். வாசலுக்கு வந்தால் விரைவுச் சாலையின் இரைச்சல் கேட்கும். ஒரு காலத்தில் அங்கே கடைத்தெரு இருந்தது.

இனப் பாகுபாட்டை மக்கள் எதிர்க்கவில்லையா?

எதிர்த்தார்கள். டர்ஹாம் சும்மா இருந்த ஊர் இல்லை. 1957 ஜூன் 23 அன்று டக்ளஸ் மூர் என்ற இளம் பாதிரியாரும் ஆறு பேரும் ராயல் ஐஸ்கிரீம் கடையில் வெள்ளையர் பகுதியில் போய் உட்கார்ந்தார்கள், கைதானார்கள். இதே மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ ஊரில் நடந்த புகழ்பெற்ற உள்ளிருப்புப் போராட்டத்துக்கு இரண்டரை வருடம் முன்பு நடந்தது அது. 1960 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் இங்கே வந்து, சிறைகளை நிரப்பவும் தயங்க வேண்டாம் என்று மாணவர்களிடம் பேசினார்.

1971ல் பள்ளிகளில் இன ஒதுக்கலை நீக்குவது பற்றி ஊர் கொதித்தபோது பத்து நாள் பொதுக்கூட்டம் ஒன்று நடந்தது. அதற்கு இரண்டு தலைவர்கள். ஒருவர் ஆன் அட்வாட்டர், கறுப்பினப் பகுதியில் வீட்டு வசதிக்காகப் போராடியவர். மற்றவர் சி.பி. எல்லிஸ், கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் உள்ளூர்த் தலைவர். முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே பிடிக்கவில்லை. இருவர் பிள்ளைகளும் ஒரே மாதிரி ஏழைப் பள்ளியில் ஒரே மாதிரி அவமானப்படுவது பேசப் பேசத் தெரிந்தது. கடைசி இரவில் எல்லிஸ் தன் கிளான் உறுப்பினர் அட்டையை எல்லோர் முன்னும் கிழித்தார். பிறகு தொழிற்சங்கத்துக்குப் போனார். 2005ல் அவர் இறந்தபோது இரங்கல் உரை ஆற்றியவர் அட்வாட்டர். இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

அப்புறம் ஏன் ஊர் சரிந்தது? தொழிற்சாலை மூடியதாலா?

தொழிற்சாலை மூடியது கடைசி அடி. அதற்கு முன்பே நகர நடு காலியாகத் தொடங்கிவிட்டது.

ஓரிடத்தில் எல்லாவற்றையும் வாங்கும் மால்கள் புறநகரில் வந்தன. நடுநகரைச் சுற்றி ஒருவழி வளையச் சாலை போட்டார்கள். அதற்கு இடம் வேண்டும் என்று 1968ல் அழகான யூனியன் ரயில் நிலையத்தை இடித்தார்கள். வளையம் வந்ததும் கார்கள் நடுநகரைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போயின. பள்ளிகள் பற்றிய பயத்தில் வெள்ளைக் குடும்பங்கள் வெளியே நகர்ந்தன. நகரப் பள்ளிகளும் கவுண்டிப் பள்ளிகளும் ஒன்றாக 1992 வரை ஆனது.

1964ல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை, புகைப்பதால் புற்றுநோய் வரும் என்று அழுத்தமாகச் சொன்னது. சிகரெட் ஊர் ஒன்றுக்கு அதன் பொருளை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1986ல் எர்வின் துணி ஆலை மூடியது. 1987ல் அமெரிக்கன் டொபாக்கோ மூடியது. லிகெட் கொஞ்சம் தாக்குப்பிடித்து, 2000 வாக்கில் பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. டர்ஹாமில் வயதானவர்களிடம் பேசினால், இலையுதிர் காலத்தில் ஊரெங்கும் வீசிய இனிப்பான புகையிலை வாசனையைத்தான் முதலில் சொல்வார்கள். அந்த வாசனை போனது. கூடவே பட்டப்படிப்பு இல்லாதவர் குடும்பம் நடத்தக்கூடிய சம்பளமும் போனது.

1990களில் டியூக்குக்கு வந்த மாணவர்களிடம் நடுநகருக்குப் போகாதீர்கள் என்றே சொல்லி அனுப்பினார்கள் என்று அந்தக் காலத்துப் பழைய மாணவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பல்கலைக்கழகத்தின் கிழக்கு வளாகத்தைச் சுற்றி இடுப்பளவு கல்சுவர் ஒன்று உண்டு. தாண்டுவது சுலபம். ஆனாலும் அந்தச் சுவருக்கு இரு பக்கமும் வேறு வேறு ஊர்களாக இருந்தன.

ரிசர்ச் ட்ரையாங்கிள் பார்க் 1959லேயே வந்துவிட்டதே. அது காப்பாற்றவில்லையா?

வேலையைக் கொண்டுவந்தது, ஊரைக் கொண்டுவரவில்லை. சுமார் 7,000 ஏக்கர் பைன் காடு, பெரும்பகுதி டர்ஹாம் கவுண்டியில். 1965ல் ஐபிஎம் வந்தது. மருந்து நிறுவனங்களும் ஆய்வகங்களும் பின்னாலேயே வந்தன. ஆனால் அப்போது வீடோ கடையோ கிடையாது. மரங்களுக்கு நடுவே கட்டடம், கட்டடத்தைச் சுற்றி கார் நிறுத்துமிடம். வேலைக்காரர்கள் காலையில் வந்து மாலையில் பக்கத்து ஊர்களான கேரிக்கும் ராலேக்கும் திரும்பினார்கள். நடுநகரில் ஒரு காபிகூட அதனால் கூடுதலாக விற்கவில்லை.

ஆனால் இந்த மாநிலத்தில் இளைஞர்கள் தங்குவதற்குக் காரணத்தைக் கொடுத்தது அந்தப் பூங்காதான். பின்னால் நகர நடுவில் அலுவலகம் தேடியவர்களில் பலர் அங்கிருந்து வந்தவர்கள்.

ஊர் எழுந்தது எப்போது, எப்படி?

ஒரே நாளில் இல்லை, ஒரே ஆளாலும் இல்லை.

முதல் அடையாளம் 1981ல் தெரிந்தது. அலங்காரச் செங்கல் வேலையோடு கட்டிய இரண்டு புகையிலைக் கிடங்குகளை 'பிரைட்லீஃப் ஸ்கொயர்' என்ற பெயரில் கடைகளும் ஓட்டல்களுமாக மாற்றினார்கள். அடுத்து பேஸ்பால். டர்ஹாம் புல்ஸ் என்ற உள்ளூர் அணியை வைத்து 1988ல் ஒரு ஹாலிவுட் படம் வந்து ஓட, கூட்டம் பெருகியது. புது மைதானத்துக்கான கடன் பத்திரத்தை 1990ல் வாக்காளர்கள் நிராகரித்தார்கள். நகராட்சி மன்றம் வேறு வழியில் பணம் திரட்டி நடுநகரிலேயே கட்டியது, 1995ல் திறந்தது. மக்கள் வேண்டாம் என்றதைக் கட்டியது சரியா என்று இன்னும் வாதம் செய்யலாம். ஆனால் இரவில் ஆயிரக்கணக்கானவர்கள் நடுநகருக்கு வரலாம் என்று காட்டியது அந்த மைதானம்தான்.

மைதானத்துக்கு எதிரே பூட்டிக் கிடந்தது அமெரிக்கன் டொபாக்கோ. சுமார் பத்து லட்சம் சதுர அடி. உடைந்த ஜன்னல்கள், கூரையில் முளைத்த செடிகள். புல்ஸ் அணியின் உரிமையாளரான கேப்பிடல் பிராட்காஸ்டிங் நிறுவனமும் அதன் தலைவர் ஜிம் குட்மனும் அதை எடுத்துப் புதுப்பித்தார்கள். 2004ல் முதல் பகுதி திறந்தது. அரசு, தனியார், பல்கலைக்கழகம் மூன்றும் ஒரே நேரத்தில் கை கொடுத்தது அங்கே நடந்தது. நகராட்சியும் கவுண்டியும் வாகன நிறுத்தக் கட்டடங்களுக்குப் பணம் தந்தன. பழைய கட்டடத்தை இடிக்காமல் புதுப்பித்தால் செலவில் 20 சதவீதத்தை மத்திய அரசு வரியில் கழித்துக்கொள்ள விடுகிறது. மாநிலமும் தன் பங்குக்குச் சலுகை தந்தது. வேலை முடியும் முன்பே டியூக் பல்கலைக்கழகம் வாடகைக்கு இடம் எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. அந்தக் கையெழுத்து இல்லாமல் எந்த வங்கியும் கடன் கொடுத்திருக்காது.

அங்கே போனால் கொஞ்சம் மெதுவாக நடங்கள். லக்கி ஸ்டிரைக் என்று எழுதிய புகைபோக்கியும் தண்ணீர்த் தொட்டியும் அப்படியே நிற்கின்றன. கட்டடங்களுக்கு நடுவே முன்பு சரக்கு நகர்ந்த இடத்தில் செயற்கை ஓடை ஓடுகிறது. மதியத்தில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியவர்கள் அதன் ஓரம் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். உள்ளே பார்த்தால் கையால் அணைக்க முடியாத மரத் தூண்கள். புகையிலை மூட்டைகளின் எடையைத் தாங்கக் கட்டியவை, கணினி மேசைகளை அலட்சியமாகத் தாங்குகின்றன. பெரிய ஜன்னல்கள் மின்விளக்கு சரியாக இல்லாத காலத்தில் வெளிச்சத்துக்காக வைத்தவை. அதனால்தான் இந்தக் கட்டடங்கள் அலுவலகமாகவும் வீடாகவும் இவ்வளவு சுலபமாக மாறின.

2008ல் பக்கத்தில் சுமார் 2,700 இருக்கைகளோடு நாடக அரங்கம் வந்தது. லிகெட் கிடங்குகள் அடுக்குமாடி வீடுகளாயின. கோல்டன் பெல்ட் என்ற பழைய ஆலை ஓவியர்களின் கூடமானது. பில் பெல் 2001 முதல் 2017 வரை தொடர்ந்து மேயராக இருந்தார். ஐபிஎம்மில் பொறியாளராக இருந்த கறுப்பினத்தவர். அவசரப்படாத அந்த நிர்வாகத்துக்கும் பங்கு உண்டு.

டியூக் பல்கலைக்கழகம்தான் ஊரைக் காப்பாற்றியது என்கிறார்களே?

பாதி உண்மை. ஊரின் மிகப்பெரிய வேலை கொடுப்பவர் டியூக்தான். புகையிலை போன இடத்தை மருத்துவமனை நிரப்பியது. புகையிலைப் பணத்தில் கட்டிய மருத்துவமனை புற்றுநோய்க்கு வைத்தியம் பார்ப்பதை ஊரில் யாரும் மறக்கவில்லை. 1996ல் வளாகத்தைச் சுற்றியுள்ள குடியிருப்புகளோடு கூட்டுத் திட்டம் ஒன்றை டியூக் தொடங்கியது. வால்டவுன் போன்ற பகுதிகளில், 1980ல் இந்த ஊரில் தொடங்கிய செல்ஃப்-ஹெல்ப் என்ற கடன் அமைப்போடு சேர்ந்து, பழுதான வீடுகளைச் சரிசெய்து குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு விற்றார்கள். அதை நான் மனதாரப் பாராட்டுவேன்.

ஆனால் 2019ல் டர்ஹாமையும் சாப்பல் ஹில்லையும் இணைக்கும் இலகு ரயில் திட்டம் கடைசிக் கட்டத்தில் நின்றபோது, மருத்துவமனைக் கருவிகளுக்கு அதிர்வும் மின்காந்தத் தொல்லையும் வரும் என்று காரணம் சொல்லி டியூக் ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தது. இருபது வருடத் திட்டமிடல் அதோடு முடிந்தது. வேறு சிக்கல்களும் இருந்தன, சரி. ஆனாலும் பேருந்தை நம்பி மருத்துவமனைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அதனால் என்ன ஆனது என்று பல்கலைக்கழகம் இன்னும் கவலைப்பட்டிருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

தொழிற்சாலைப் பகுதி மீண்டும் எழுந்தது. ஹேடை ஏன் எழவில்லை?

யாரும் என்னிடம் அதிகம் கேட்காத, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி.

அமெரிக்கன் டொபாக்கோவை யாரும் இடிக்கவில்லை. இடிக்கச் செலவாகும், அந்த இடத்தை வாங்க ஆளும் இல்லை. பதினேழு வருடம் சும்மா நின்றது. நின்றதால், ரசனையும் வரிச் சலுகையும் வந்த காலத்தில் கையில் ஒரு கட்டடம் இருந்தது. பாரிஷ் தெருவும் ஓரளவு அப்படியே தப்பியது. ஹேடைக்கு அந்த வாய்ப்பே கொடுக்கப்படவில்லை. அங்கிருந்த கடைகளில் பாதியாவது 2004 வரை பூட்டிய நிலையில் நின்றிருந்தால், இன்று பேரப்பிள்ளைகள் திறந்திருப்பார்கள்; கட்டடமும் நிலப் பத்திரமும் குடும்பத்தின் கையில் இருந்திருக்கும். இடித்தபோது கிடைத்த இழப்பீடு சொற்பம். சொத்து அங்கேயே அறுந்தது. கட்டடங்களோடு வாடிக்கையாளர்களும் சிதறினார்கள்.

அதனால் புதுப்பித்த செங்கல் கட்டடங்களைப் பார்த்து டர்ஹாம் தன் பழமையைப் பாதுகாத்த ஊர் என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்புக்கொள்ள முடியவில்லை. முதலாளியின் கிடங்கைப் பாதுகாத்தது. தொழிலாளியின் தெருவைப் பாதுகாக்கவில்லை.

இப்போது வாடகை எப்படி? பழைய குடும்பங்கள் தங்க முடிகிறதா?

கஷ்டம்தான். நடுநகருக்குப் பக்கத்தில் கறுப்பினக் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்ந்த தெருக்களில் வீட்டு விலை ஏறிவிட்டது. சொந்த வீட்டில் இருக்கும் ஓய்வூதியக்காரருக்குச் சொத்து வரியும் ஏறுகிறது. விற்கிறீர்களா என்று கேட்டு முன்பின் தெரியாதவர்களின் கடிதம் வாராவாரம் வருகிறது. வாடகைக்கு இருந்தவர்கள் முதலில் போனார்கள்.

2019 நவம்பரில் குறைந்த வருமானக்காரர்களின் வீட்டு வசதிக்காக 9.5 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்காளர்கள் சம்மதம் தந்தார்கள். மாநிலத்திலேயே பெரிய திட்டங்களில் ஒன்று. ஹேடையில் ஃபயட் பிளேஸ் என்று ஓர் இடம் உண்டு: பழைய அரசுக் குடியிருப்பை இடித்துவிட்டு, வெறும் சிமென்ட் அடித்தளங்களை மட்டும் வருடக்கணக்கில் வேலி போட்டு விட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்தவர் விடாமல் கேட்டதால் 2017ல் நகரத்தின் பணத்தில் வீட்டு வசதி ஆணையம் அதைத் திரும்ப வாங்கியது. ஹேடைக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறுமா என்று பார்க்க விரும்புகிறவர்கள் அந்த இடத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

தமிழர்கள் இருக்கிறார்களா?

நிறைய. பெரும்பாலோர் ரிசர்ச் பார்க் வேலையால் வந்தவர்கள். தெற்கு டர்ஹாம், மோரிஸ்வில், கேரி பக்கம் வீடு. கோயிலும் மளிகைக் கடையும் அந்தப் பக்கமே இருப்பதால் டர்ஹாமின் நடுநகரைப் பார்க்காமலே பல வருடம் இருந்துவிடுகிறார்கள். அந்தக் குறை தீர்க்க ஒரு சனிக்கிழமை போதும்.

ஒரு நாள் மட்டும் இருக்கிறது. எங்கே போவது?

சனிக்கிழமையாக இருந்தால் காலையில் டர்ஹாம் சென்ட்ரல் பார்க் உழவர் சந்தை. கோடையில் தக்காளியும் வெண்டைக்காயும் நன்றாக இருக்கும். வெண்டைக்காய் இந்தத் தென்னகத்துக்கும் சொந்தச் சாப்பாடுதான். அங்கிருந்து நடந்தே பாரிஷ் தெரு; சுவரோரப் பலகைகளைப் படித்துக்கொண்டு போங்கள். பிறகு காரில் ஹேடை பாரம்பரிய மையம். திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் நிகழ்ச்சிகளை ஒட்டித்தான் அரங்குக்குள் விடுவார்கள். மதியம் டியூக் ஹோம்ஸ்டெட்: வாஷிங்டன் டியூக்கின் மர வீடும், இலை உலர்த்தும் கொட்டகையும், புகையிலை அருங்காட்சியகமும் இருக்கின்றன. நேரம் மிச்சமிருந்தால் பென்னட் பிளேஸ்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை என்றால் மாலையில் புல்ஸ் ஆட்டம். பேஸ்பால் விதி தெரியாவிட்டால் பரவாயில்லை. இடப்பக்கச் சுவரின் மேலே பெரிய காளை உருவம் நிற்கும். உள்ளூர் அணி ஹோம் ரன் அடித்தால் கண் சிவந்து, வால் ஆடி, மூக்கில் புகை வரும். குழந்தைகளுக்கு அது போதும். காரை அமெரிக்கன் டொபாக்கோ பக்கம் உள்ள நிறுத்தக் கட்டடத்தில் விடுங்கள். ஆட்ட நாளில் தெருவோரத்தில் இடம் கிடைக்காது.